வேது, வேதுநீர், புகை: பழனிமலைப் பகுதியை முன்வைத்துப் பெண்நல மூலிகை ஆவிமுறைகள் பற்றிய விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மூலிகை ஆவியைக் கொண்டு உடலைப் பேணும் முறை தமிழ் மருத்துவ மரபில் 'வேது' எனப்படுகிறது. மகப்பேற்றுக்குப் பிந்தைய பராமரிப்பில் இது வேதுநீர்க் குளியலாகப் பெண்களின் கையில் நிலைத்துள்ளது. அண்மைக் காலத்தில் 'பாரம்பரிய மூலிகை ஆவி' என்ற பொதுப்பெயரின்கீழ் ஆவி, குளியல், புகை, பிறப்புறுப்பு ஆவிமுறை ஆகிய வெவ்வேறு செயல்கள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. இக்கட்டுரை அவற்றைப் பிரித்து விளக்குகிறது. ஆவிமுறையின் அறிவு மூலிகைப் பெயரைவிடச் செய்முறையிலேயே பெரிதும் தங்கியுள்ளது என்பதையும், பழனிமலைப் பகுதி குறித்த தாவரவியல் பதிவுகளின் வடிவம் அதனை ஏற்க இடம் கொடுப்பதில்லை என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வேது, வேதுநீர், புற மருத்துவம், மகப்பேற்றுப் பராமரிப்பு, பளியர், பழனிமலை, மரபறிவுப் பதிவு.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து நீளும் பழனிமலைத் தொடர் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் அடிவாரத்தில் பழனியும், மேல்மலையில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானலும் அமைந்துள்ளன. பளியர், புலையர், குன்னுவர் முதலிய மக்கள் நெடுங்காலமாக வாழும் இம்மலை, போகரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சித்த மருத்துவ நினைவையும் தாங்கி நிற்பது. இன்று இது ஒரு சுற்றுலாத் தலமாகவும் விளங்குவதால், 'மலை மூலிகை' என்ற சொல்லுக்குச் சந்தை மதிப்பு மிகுந்துள்ளது.

இச்சூழலில் 'பெண்களுக்கான பாரம்பரிய மூலிகை ஆவி' என்னும் தொடரைக் கேட்கும் ஆய்வாளர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, 'எந்த ஆவி?' என்பதாகும். முகத்திற்குப் பிடிக்கும் ஆவியும், ஈன்ற தாயைக் குளிப்பாட்டும் இலைநீரும், கூந்தலுக்குக் காட்டும் சாம்பிராணிப் புகையும் ஒரே செயலல்ல. அவற்றின் நோக்கமும் உடலில் அவை செயற்படும் வழியும் அவற்றால் விளையக்கூடிய இடரும் வேறுவேறு. சொல்லின் மயக்கம் இங்குப் பெண்ணுடலின் பாதுகாப்போடு தொடர்புடையது என்பதால், இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது இன்றியமையாததாகிறது.

வேது: சொல்லும் வகைமையும்

'வேது' என்னும் சொல் 'வே' என்ற வினையடியோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. வெம்மை, சூடு, மருந்தாவி ஆகிய பொருள்களில் அது வழங்குகிறது. 'வேது பிடித்தல்', 'வேது கொள்ளுதல்' என்பன வழக்குத் தொடர்கள். மலையாளத்திலும் மகப்பேற்றுக்குப் பின் இலைகளிட்டுக் கொதிக்கவைத்த நீரில் குளிப்பாட்டும் முறை 'வேதுகுளி' என்றே பெயர் பெறுகிறது. மலையின் இருபுறத்தும் இச்சொல் ஒரே பொருட்களத்தில் நிற்பது கவனத்திற்குரியது.

சித்த மருத்துவம் மருந்துகளை அக மருத்துவம் 32, புற மருத்துவம் 32 எனப் பகுக்கிறது. புற மருத்துவப் பட்டியலில் கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம், புகை முதலியன தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. வெப்பத்தைக் கொண்டு செயற்படுவன என்ற அளவில் ஒற்றடமும் வேதும் பொட்டணமும் நெருங்கிய உறவுடையவை. எனினும் அவை ஒன்றாக்கப்படவில்லை. குறிப்பாக வேதும் புகையும் வேறுவேறு எண்களாக நிற்கின்றன. நீரின் துணையோடு எழுவது வேது. பொருளை எரித்து எழுப்புவது புகை. வகைமையாளர்கள் பேணிய இந்த வேறுபாட்டை இன்றைய எழுத்துகள் பல கைவிட்டுவிட்டன.

பெண்கள் வழக்கில் உள்ள முறைகள்

பெண்நலப் பராமரிப்பில் வழங்கும் முறைகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது ஆவிபிடித்தல். நொச்சி, வேம்பு, துளசி, தைலமரம் முதலியவற்றின் இலைகளைக் கொதிநீரிலிட்டு, போர்வையால் மூடிக்கொண்டு முகத்திலும் மார்பிலும் ஆவியை ஏற்பது. சளி, தலைபாரம், தலைக்குக் குளித்தபின் ஏற்படும் நீர்க்கோவை ஆகியவற்றுக்கு இது கையாளப்படுகிறது. சுட்ட செங்கல்லை நீரிலிட்டு ஆவியை மீண்டும் எழுப்பும் முறையும் உண்டு. இது பெண்களுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் வீட்டில் இதனைச் செய்துதருபவர் பெரும்பாலும் பெண்ணே.

இரண்டாவது வேதுநீர். நொச்சி, புளி, ஆமணக்கு, வேம்பு போன்றவற்றின் இலைகளை மஞ்சளோடு பெருங்கலத்தில் கொதிக்கவைத்து, பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, ஈன்ற தாயின் இடுப்பிலும் முதுகிலும் கால்களிலும் வீசி ஊற்றுவது. இங்கு ஆவியைவிட நீரே முதன்மையானது. உடல்வலி தணிதல், தசை இளகுதல், நல்லுறக்கம் ஆகியன இதன் நோக்கங்களாகக் கூறப்படுகின்றன.

மூன்றாவது புகை. குளித்த தாயின் கூந்தலை உலர்த்தச் சாம்பிராணிப் புகை காட்டுவது இதன் பரவலான வடிவம். இதில் நீருக்கு இடமில்லை.

இம்மூன்றிலும் பொதுவாக உள்ள ஒரு கூறு உண்டு. பெறுபவள் தனித்திருப்பதில்லை. சூட்டைப் பார்ப்பவளும் ஊற்றுபவளும் நிறுத்துபவளும் வேறொரு பெண். தாய், மாமியார், ஊரின் மூத்த மருத்துவச்சி என யாரேனும் ஒருவர் அருகில் இருப்பது இம்முறையின் உள்ளுறுப்பு. அவர்களின் கையே வெப்பமானியாகச் செயற்பட்டது.

ஆவி எதைச் சுமந்து வருகிறது?

ஓர் இலையைக் கொதிக்கவைக்கும்போது அதிலுள்ள அனைத்தும் ஆவியில் ஏறுவதில்லை. எளிதில் ஆவியாகும் எண்ணெய்க் கூறுகள் மட்டுமே நீராவியோடு எழுகின்றன. தைலமர இலையின் சினியோல் இவ்வகையைச் சார்ந்தது. வடித்தெடுக்கும் தைலத்தில் பெரும்பங்கு அதுவே. மஞ்சளின் மணத்திற்குக் காரணமான டர்மரோன் போன்ற கூறுகளும் ஆவியில் வரக்கூடியவை. ஆனால் மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின் ஆவியில் ஏறாது. ஆடாதோடையின் வாசிசின் என்னும் காரப்போலியும் பெரும்பாலும் கலத்திலேயே தங்கிவிடும்.

எனவே ஒரே இலை வேதாகப் பயன்படும்போது ஒரு மருந்து. வேதுநீராகும்போது வேறொரு மருந்து. கியாழமாக அருந்தும்போது மற்றொன்று. 'இம்மூலிகையில் இன்ன வேதிப்பொருள் உள்ளது. ஆதலால் அதன் ஆவி இந்நோயைத் தீர்க்கும்' என்ற முடிவு இந்த இடத்தில் தடம்புரள்கிறது.

வெப்பத்தின் இயல்பும் கருதத்தக்கது. கொடைக்கானலின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. அடிவாரப் பழனியில் 99 பாகையை ஒட்டிக் கொதிக்கிறது. இதனால் மேல்மலையில் கொதிநீர் தீங்கற்றது என்று கொள்வது தவறு. ஒரு கிராம் நீராவி தோலில் பட்டு நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. கொதிநிலை சில பாகை தாழ்வதால் இவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. 60 பாகைச் சூட்டிலுள்ள நீரே சில விநாடிகளில் தோலைச் சுடும் என்பதோடு ஒப்பிட்டால், அடுப்பிலிருந்து இறக்கியபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது, எவ்வளவு தொலைவில் இருப்பது என்பனவே இச்சிகிச்சையின் உயிர்நிலை என்பது புலப்படும்.

தைலமரம்: மரபின் நெகிழ்ச்சி

கொடைக்கானல் என்றவுடன் நினைவுக்கு வரும் ஆவியிலை தைலமரத்தினுடையது. அதன் தைலம் மலைக்கடைகளின் அடையாளப் பொருளாகவும் உள்ளது. ஆனால் தைலமரம் ஆத்திரேலிய நாட்டுத் தாவரம். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. பழனிமலையின் மேட்டுநிலப் புல்வெளிகள் நான்கு பத்தாண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்து, மரத்தோட்டங்களும் வேளாண்நிலங்களும் பெருகியதை 2018இல் வெளியான செயற்கைக்கோள் படவழி ஆய்வொன்று காட்டியுள்ளது. அத்தோட்ட மரங்களுள் தைலமரமும் ஒன்று.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, பெண்களின் ஆவிமுறை உறைந்துபோன ஒன்றன்று. கைக்கெட்டிய புதிய இலையைத் தன் முறைக்குள் ஏற்றுக்கொண்ட உயிருள்ள வழக்கு. மற்றொன்று, 'ஆயிரமாண்டு மலைமரபு' என்ற முத்திரையை ஒவ்வோர் இலைக்கும் குத்துவது வரலாற்றுக்கு ஒவ்வாது. முறை பழையதாகவும் பொருள் புதியதாகவும் இருக்கலாம். முறையையும் பொருளையும் தனித்தனியே காலக்கணிப்புச் செய்வது ஆய்வாளரின் கடமை.

மகப்பேற்றுச் சூழலின் மாற்றம்

வேதுநீர் முறை உருவான காலத்தில் மகப்பேறு வீட்டில் நிகழ்ந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு மகப்பேறுகள் மருத்துவ நிறுவனங்களில் நடைபெறுகின்றன, 44.9 விழுக்காடு அறுவை வழியாக நிகழ்கின்றன. ஆகவே வீடு திரும்பும் தாய்மாருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிவயிற்றில் தையலோடு வருகின்றனர். இயல்பான மகப்பேற்றிலும் பிறப்புவாயில் தையல் இடப்படுவதுண்டு.

இம்மாற்றத்தை வேதுநீர் வழக்கு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பது ஆய்வுக்குரிய பெரும்பொருள். தையல் ஆறும்வரை காயத்தில் நீர் தேங்கவிடக் கூடாது என்பது மருத்துவமனையின் அறிவுரை. இடுப்பிலும் வயிற்றிலும் சூடாக வீசி ஊற்ற வேண்டும் என்பது மூத்தோரின் வழக்கு. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவள் ஈன்று சில நாள்களே ஆன இளம்பெண். மேலும், அறுவைத் தழும்பைச் சுற்றியுள்ள தோலில் சிலகாலம் உணர்வு மங்கியிருக்கக்கூடும். 'பொறுக்கும் சூடு' என்ற மரபு அளவுகோல் பெறுபவளின் உணர்வைச் சார்ந்தது. அவ்வுணர்வே மங்கியிருக்கும் இடத்தில் அந்த அளவுகோல் பிழைபடுகிறது. அதே ஆய்வில் தமிழ்நாட்டின் 15–49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். மிகுவெப்பத்தில் இரத்தக்குழாய்கள் விரிவதால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றல் ஏற்படும் வாய்ப்பும் இவர்களிடம் கருதப்பட வேண்டும்.

இவற்றைக் கூறுவது வேதுநீரை மறுப்பதாகாது. ஆறிய காயம், கையால் சோதித்த சூடு, அருகில் ஒருவர் என்ற நிலைகளில் இளஞ்சூட்டுக் குளியல் தரும் இதம் உண்மையானது. குழந்தையைக் கவனிக்கும் வீட்டில் தாயின் உடலையும் ஒருவர் நாள்தோறும் தொட்டுப் பேணுகிறார் என்பதே அதன் பெரும்பயன். மருத்துவமனைப் பராமரிப்பு விட்டுச்செல்லும் வெற்றிடத்தை அது நிரப்புகிறது.

பிறப்புறுப்பு ஆவிமுறையும் மரபுரிமைக் கோரிக்கையும்

மூலிகையாவி எழும் கலத்தின்மேல் அமர்ந்து பிறப்புறுப்பில் அதனை ஏற்கும் முறை கடந்த பத்தாண்டுகளில் உலகச் சந்தையில் பரவியது. கொரியாவிலும் மலாய் மக்களிடத்தும் இதற்கு வழக்குண்டு. உலகச் சுகாதார நிறுவனம் தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் மேற்கொண்ட ஆய்வு, ஆவியும் புகையும் காட்டுதலை ஒரு வகையாகவே பதிவுசெய்தது. இந்தியா அவ்வாய்வில் இடம்பெறவில்லை.

தமிழ் வழக்கிலுள்ள வேதை இதன் முன்வடிவமாகக் காட்டுவது பொருந்தாது. வேது பிடித்தலின் மையம் முகம், மார்பு, வலியுள்ள உறுப்பு அல்லது முழுவுடல். ஆயுர்வேதத்தில் பிறப்புறுப்புக்குக் கூறப்படும் 'யோனி தூபனம்' புகைமுறையேயன்றி ஆவிமுறையன்று. மேலும் வியர்ப்பித்தல் சிகிச்சையைப் பதின்மூன்று வகையாக விரிக்கும் சரக சம்கிதை, கருவுற்ற பெண்களை அதற்குத் தகாதோர் வரிசையில் வைக்கிறது. கண், இதயம், விதைப்பை ஆகிய மென்மையான இடங்களுக்கு மிக இலேசாகவே வெப்பம் தர வேண்டும், அல்லது தரவே கூடாது என்றும் வரையறுக்கிறது. மென்மையான உறுப்புக்கு வெப்பத்தைக் குறைக்க வேண்டும் என்னும் இந்நெறியைப் புறக்கணித்துவிட்டு அதே மரபின் பெயரைச் சூட்டிக்கொள்வது முரணாகும்.

மருத்துவ நோக்கிலும் இம்முறைக்குரிய கோரிக்கைகள் நிற்பதில்லை. கருப்பைக் கழுத்து ஆவியைக் கருப்பைக்குள் செலுத்தும் திறந்த வழியன்று. யோனி தன்னிடமுள்ள நுண்ணுயிர்களால் அமிலத்தன்மையைப் பேணித் தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்வது. கனடாவின் மகப்பேறு மருத்துவ இதழில் 2019இல் வெளியான நோயாளர் குறிப்பொன்று, உறுப்பிறக்கத்திற்கு அறுவையைத் தவிர்க்கும் நோக்கில் இம்முறையை மேற்கொண்ட 62 வயதுப் பெண்ணுக்கு இரண்டாம் நிலைத் தீப்புண் ஏற்பட்டதைப் பதிவுசெய்துள்ளது.

2017இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இருவர் இம்முறை குறித்த இணைய எழுத்துகளை ஆராய்ந்து, பெண்ணுடல் இயல்பிலேயே சீர்கெடுவதும் அழுக்கானதும் என்ற கருத்து அவற்றில் அடித்தளமாக இருப்பதைச் சுட்டினர். தமிழ்ச் சூழலில் இக்கூற்று கூடுதல் பொருள் பெறுகிறது. 'தீட்டு' என்று முன்னர் விலக்கிவைத்த உடலையே சந்தை 'நச்சு' என்ற புதுச்சொல்லால் குறிக்கிறது. வேதுநீரோ அழுக்கைப் போக்கும் சடங்காக மட்டும் நின்றுவிடாமல், களைத்த உடலுக்கு இதம் தரும் பேணுதலாகவும் விளங்குவது. இவ்வேறுபாடு மழுங்குமானால் பெண்களின் அறிவு அவர்களுக்கு எதிராகவே திருப்பப்படும்.

பதிவுகளின் இடைவெளி

பழனிமலையின் தாவரங்கள் நன்கு பதிவானவை. கே. எம். மேத்யூவின் பழனிமலைத் தாவரத் தொகுதி மூன்று பகுதிகளாக 1999இல் வெளிவந்தது. பளியரைப் பற்றி 1908இலேயே டாமென் 'ஆந்த்ரோபோஸ்' இதழில் எழுதினார். 1960களில் பீட்டர் கார்ட்னர் களப்பணி மேற்கொண்டார். 2006இல் துரைபாண்டியன், அய்யனார், இஞ்ஞாசிமுத்து ஆகியோர் பளியர் பயன்படுத்தும் 18 தாவரங்களின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறனைச் சோதித்து வெளியிட்டனர்.

இவை மதிப்புமிக்க பணிகள். எனினும் இனத்தாவரவியல் அட்டவணையின் வழக்கமான வடிவம் தாவரப் பெயர், குடும்பம், உறுப்பு, நோய் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆய்வுக்கூடச் சோதனை எக்சேன், மெத்தனால் ஆகியவற்றில் எடுத்த சாற்றைக் கொண்டு நிகழ்கிறது. வீட்டில் பெண் கையாளுவது நீரும் ஆவியும். சாற்றில் கண்ட திறன் ஆவியிலும் இருக்கும் என்று கொள்ள இடமில்லை. இந்த அட்டவணையில் ஆவிமுறையின் காலம், தொலைவு, சூடு, விலக்கு ஆகியவற்றுக்குப் பத்தியே இல்லை.

2001இல் தொடங்கப்பெற்ற மரபறிவு எண்ணிம நூலகம் சித்த நூல்கள் உட்பட எழுத்தில் உள்ள மருந்துமுறைகளைத் தொகுக்கிறது. வாய்மொழியாக வழங்கும் வேதுமுறை அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. இதற்கு மாற்றிடம் சட்டத்திலேயே உள்ளது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் வழி உள்ளாட்சி அளவில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உருவாக்கப்பட வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பல்லுயிர் சார்ந்த மரபறிவின்மீது சமூகத்திற்குள்ள உரிமையை ஏற்கிறது.

அப்பதிவேட்டிலும் களஆய்விலும் ஆவிமுறைக்கென்று பின்வருவன கேட்டு எழுதப்பட வேண்டும்:

1. இலை பச்சையா உலர்ந்ததா, எவ்வளவு, எந்த வரிசையில் இடப்படுகிறது?
2. பயன்படுவது ஆவியா, நீரா, புகையா?
3. அடுப்பிலிருந்து இறக்கியபின் எவ்வளவு நேரம் ஆறவிடுகின்றனர்?
4. உடலின் எப்பகுதிக்கு, எவ்வளவு தொலைவில், எவ்வளவு நேரம்?
5. சூட்டைச் சோதிப்பவர் யார், எவ்வாறு?
6. மகப்பேற்றுக்குப்பின் எத்தனையாம் நாள் தொடக்கம்? தையல் இருப்பின் என்ன மாற்றம்?
7. யாருக்குச் செய்யக்கூடாது? எந்த அறிகுறி கண்டால் நிறுத்துவர்?

ஏழாவது வினாவே மிகத் தேவையானது. விலக்குகளை அறிந்திருப்பதே ஒரு மருத்துவ அறிவின் முதிர்ச்சியைக் காட்டும்.

முடிவுரை

கொரோனாத் தொற்றின்போது, 2021 மே மாதத்தில், பொது இடங்களில் கூட்டமாக ஆவிபிடிக்கும் ஏற்பாடுகளைத் தவிர்க்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. வீட்டில் ஒருவருக்கு ஒருவர் பார்த்துச் செய்த முறை, பார்ப்பவர் இல்லாத கருவியாகப் பொதுவெளிக்கு வந்தபோது அது காப்பதற்கு மாறாக நோய் பரப்பும் வாய்ப்பாக ஆயிற்று. பெண்நல ஆவிமுறைக்கும் இப்படிப்பினை பொருந்தும்.

வேது, வேதுநீர், புகை ஆகியவற்றைத் தனித்தனிப் பெயர்களால் குறிப்பது, பிறப்புறுப்பு ஆவிமுறையைத் தமிழ் மரபின்மேல் ஏற்றிக் கூறாதிருப்பது, மூலிகைப் பட்டியலோடு செய்முறையையும் விலக்குகளையும் பதிவது ஆகிய மூன்றும் உடனடித் தேவைகள். கலத்தை இறக்கிவைத்துப் புறங்கையால் சூடு பார்க்கும் மூத்த பெண்ணின் அறிவு எழுத்தில் ஏறாமலே மறையும் நிலையில் உள்ளது. மகப்பேற்று அறைக்குள் இயல்பாகச் செல்லக்கூடிய பெண் ஆய்வாளர்கள் இப்பணியை ஏற்பின், பழனிமலையின் தாவரப் பதிவுகள் முழுமை பெறும். தையலோடு வீடு திரும்பும் தாய்க்கும் தெளிவான வழிகாட்டுதல் கிடைக்கும்.